ஹேட்சை நீக்குவது தீர்வாகுமா?

கணினி வரைபடக் கோப்பு பெருத்துவிட்டால் ஆய்வு மாணவர்களுக்கு முதலில் கிடைக்கும் அறிவுரை, "ஹேட்சை நீக்கிவிடுங்கள்" என்பதே. இதனை நான் ஏற்கவில்லை.

இடுக்கி மாவட்டத்தின் மறையூர் முனியறைகள் கற்பலகைகளால் ஆனவை. பாலக்காட்டின் அட்டப்பாடியிலோ, மூங்கில் தட்டியின்மேல் மண் பூசிய பழங்குடிக் குடில்கள் மரபாக இருந்துவந்தன. இவற்றின் வெட்டுத்தோற்றத்தில் கல்லையும் மண்ணையும் பிரித்துக் காட்டுவது ஹேட்ச் எனும் கோட்டு நிரப்பே. அதை நீக்கினால் இரண்டும் வெறும் இணைகோடுகளாகிவிடும். பொருளைச் சொல்லாத வரைபடம் ஆவணமாகாது.

உண்மையில் கோப்பைப் பெருக்குவது ஹேட்ச் அன்று, அதைக் கையாளும் முறை. 1997இல் வெளிவந்த ஆட்டோகேட் 14ஆம் பதிப்புக்கு முன்னர், நிரப்பின் கோடுகள் யாவும் கோப்புக்குள் தனித்தனியே எழுதப்பட்டன. அப்பதிப்பிலிருந்து எல்லை, வடிவ வரையறை, அளவு, கோணம் ஆகியவையே சேமிக்கப்படுகின்றன. கோடுகளைத் திரையில் காட்டும்போது மென்பொருள் கணக்கிட்டுக்கொள்கிறது.

10 மீட்டர் நீளமும் 3 மீட்டர் உயரமும் உள்ள மண்சுவரில், நீளவாக்கிலும் உயரவாக்கிலும் சென்டிமீட்டருக்கு ஒரு புள்ளி வீதம் நிரப்புவதாகக் கொள்வோம். மொத்தம் 3 இலட்சம் புள்ளிகள். ஹேட்சாக இருக்கும்வரை கோப்பில் அது ஒரே பொருள். 'எக்ஸ்ப்ளோட்' கட்டளையால் உடைத்தால் 3 இலட்சம் தனிப்பொருள்கள். ஒவ்வொன்றுக்கும் தனி அடையாள எண், தனி ஆயங்கள். பிறர் கணினியில் வடிவம் தெரியாமற் போகுமோ என்றஞ்சிச் சிலர் உடைக்கின்றனர். அவ்வச்சம் தேவையற்றது, வடிவ வரையறை கோப்புக்குள்ளேயே உள்ளது.

பிடிஎஃப் ஆக்கும்போது நிலைமை வேறு. அங்கே கோடுகள் பெரும்பாலும் விரித்தெழுதப்படுவதால், சிறிய மூலக்கோப்பும் பெருத்துவிடக்கூடும். இதற்கும் வழியுண்டு: நிரப்பின் இடைவெளியை அச்சளவுக்கேற்ப அகலப்படுத்தலாம், முகப்புத்தோற்றத்தில் முழுச்சுவரையும் நிரப்பாமல் ஓரிடத்தில் மாதிரி காட்டலாம், செறிந்த புள்ளிகளுக்கு மாற்றாகச் சாம்பல் வண்ண நிரப்பையும் குறிவிளக்கத்தையும் தரலாம்.

ஆசிரியப் பெருமக்களுக்கு என் வேண்டுகோள் இதுவே: கோப்பின் அளவுக்கு வரம்பு விதிக்கும் முன், ஹேட்சை உடைக்காமல் வரையக் கற்பியுங்கள், பிடிஎஃப்புடன் மூலக்கோப்பையும் கேட்டுப் பெறுங்கள். மண்சுவர்கள் மழையில் கரைகின்றன. அவை கரைந்தபின் எஞ்சுவது நம் வரைபடமே. அதிலாவது அச்சுவர் மண்ணால் ஆனது என்ற செய்தி நிலைக்கட்டும்.