பாடசாலை வாசலோடு நின்றுவிடும் சட்டம்

தரம் ஒன்றுக்கு மாணவர்களைச் சேர்க்கும் காலம் வந்தால் பிரபல பாடசாலைகளுக்கான போட்டி பற்றியே எங்கும் பேசப்படுகின்றது. வீட்டுக்கு அருகிலுள்ள சாதாரண பாடசாலையிலேனும் இடம் கிடைக்குமா என்று ஏங்கும் பெற்றோரைப் பற்றிப் பேசுவார் குறைவு. பார்வை, செவிப்புலன், நடமாட்டம், கற்றல் ஆகியவற்றில் குறைபாடுடைய பிள்ளைகளின் பெற்றோரே அவர்கள்.

இப்பிள்ளைகளைச் சட்டம் முற்றாக மறந்துவிடவில்லை. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாப்பதற்கான 1996 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டம், உடற்குறையைக் காரணம் காட்டிக் கல்வி நிறுவனமொன்றில் அனுமதி வழங்குவதில் பாரபட்சம் காட்டலாகாது என்கின்றது. பாதிக்கப்பட்டவர் மாகாண மேல் நீதிமன்றத்தில் மனுத் தாக்கல் செய்யவும் வழியுண்டு. பொதுக் கட்டடங்களில் இலகுவாக உட்செல்லும் வசதி தொடர்பான ஒழுங்குவிதிகள் 2006 இல் வெளியாகின. 2016 இல் இலங்கை ஏற்றுறுதி செய்த ஐக்கிய நாடுகள் சமவாயத்தின் 24 ஆவது உறுப்புரை, ஏனைய பிள்ளைகளுடன் சேர்ந்து கற்கும் உரிமையை வலியுறுத்துகின்றது.

ஆயினும், மறுப்பு எழுத்தில் வருவது அரிது. “இங்கு வசதியில்லை, வேறு பாடசாலை பாருங்கள்” என்று கனிவாகவே சொல்லப்படுகின்றது. கடிதமில்லாத மறுப்புக்குச் சாட்சியுமில்லை. அன்றாடக் கூலியில் வாழும் பெற்றோர் சட்டத்தரணியை அமர்த்தி மேல் நீதிமன்றம் செல்வதும் நடைமுறைச் சாத்தியமன்று. வழக்கு முடிவதற்குள் பிள்ளையின் கல்வியாண்டும் கழிந்துவிடும்.

இடம் கிடைத்த பின்னரும் துன்பம் தீர்வதில்லை. சக்கர நாற்காலியில் வரும் பிள்ளைக்கு வகுப்பறை மேல்மாடியில் இருந்தால் அந்த அனுமதியால் பயன் யாது? சைகை மொழி அறிந்த ஆசிரியரோ பிரெய்ல் நூலோ இல்லாத வகுப்பில் பிள்ளை அமர்ந்திருக்கலாம்; கற்க இயலாது. இவற்றைச் செய்துகொடுக்கும் கடமையை 1996 ஆம் ஆண்டின் சட்டம் பாடசாலை மீது தெளிவாகச் சுமத்தவில்லை. சமவாயத்தை ஏற்றுறுதி செய்தாலும், அதனைப் பாராளுமன்றம் சட்டமாக்கினாலன்றி எமது நீதிமன்றங்களில் அதை நேரடியாக நிலைநாட்டுவது கடினம்.

தமிழ்மொழி மூலம் கற்கும் பிள்ளைகளுக்கு இச்சுமை இரட்டிப்பாகும். கைதடி நவீல்ட் பாடசாலை போன்ற விசேட பாடசாலைகள் விரல்விட்டு எண்ணத்தக்கவை. மலையகத் தோட்டமொன்றிலோ அம்பாறையின் கரையோரக் கிராமமொன்றிலோ வாழும் குடும்பம் ஆறு வயதுப் பிள்ளையை அத்தனை தொலைவுக்கு அனுப்பத் துணியுமா? அருகிலுள்ள பாடசாலையே அப்பிள்ளையின் ஒரே வாய்ப்பு.

எனவே, கல்வியமைச்சு இரண்டு நடவடிக்கைகளை உடன் எடுக்கலாம். அனுமதி மறுக்கும் அதிபர் காரணத்தை எழுத்தில் தரவேண்டும் எனப் பணிக்கலாம். அம்முடிவுக்கு எதிரான முறையீட்டைத் தவணை தொடங்குமுன் விசாரித்துத் தீர்க்கும் பொறுப்பை வலயக் கல்விப் பணிமனையிடம் ஒப்படைக்கலாம். பாடசாலைக்குள் செய்துகொடுக்க வேண்டிய வசதிகளைச் சட்டக் கடமையாக்கி, அதற்குரிய நிதியையும் ஒதுக்குவது பாராளுமன்றத்தின் பொறுப்பாகும்.

இலவசக் கல்வியைப் பெருமையுடன் பேசும் நாடு இது. அப்பெருமையில் இப்பிள்ளைகளுக்கும் பங்குண்டு என்பதை ஆட்சியாளர் செயலில் காட்டவேண்டும்.