நமக்குள் சில செய்திகள்: உலாவியின் வேகமும் ஊர்ப் பயணமும்

நாம் ரயில்வேயில் குமாஸ்தாவாக இருக்கிறோம் என்ற ஒரே காரணத்தால், ஊருக்குப் போகும் டிக்கெட்டெல்லாம் நமது சட்டைப் பையில் இருப்பதாகச் சங்க அன்பர்கள் பலர் எண்ணியிருக்கிறார்கள். நாம் வேலை பார்ப்பதோ சரக்கு அலுவலகத்தில். அங்கே சிமெண்டும் நிலக்கரியுமே பிரயாணம் செய்கின்றன. ஆயினும் கேள்விகள் ஓய்வதில்லை. அண்மையில் வரும் கேள்வி சற்றுப் புதுமையானது. "எந்த பிரௌசரில் போட்டால் டிக்கெட் சீக்கிரம் கிடைக்கும்?" என்கிறார்கள். பிரௌசரைத் தமிழில் உலாவி என்று சொல்லுகிறோம். வாய்க்கு வந்த பதிலைச் சொல்லி அனுப்பாமல், பரீட்சித்துப் பார்த்துச் சொல்வதே முறை என்று கருதிச் சென்ற மாதம் ஒரு வாரம் அவ்வேலையில் இறங்கினோம்.

பரீட்சைக்கு எடுத்துக்கொண்டது 'உலா' என்னும் உலாவி. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஜோஹோ நிறுவனம் 2023-ஆம் ஆண்டு இதனை வெளியிட்டது. இந்தியாவுக்கென்று ஓர் உலாவி வேண்டும் என்று மத்திய மின்னணு, தகவல் தொழில்நுட்ப அமைச்சகம் நடத்திய போட்டியில், 2025 மார்ச்சில் முதற் பரிசாக ஒரு கோடி ரூபாய் பெற்றதும் அந்நிறுவனமே. பெயரைக் கண்டதும் நமக்குத் தனி மகிழ்ச்சி உண்டாயிற்று. உலா என்பது தொண்ணூற்றாறு வகைப் பிரபந்தங்களுள் ஒன்று. தலைவன் வீதியில் பவனி வர, ஏழு பருவத்து மகளிரும் கண்டு மயங்குவதைப் பாடுவது. இக்காலத்து உலாவில் பவனி வருபவர் நாமே. மாடத்தில் நின்று நம்மைக் கண்ணிமையாமல் பார்ப்பவர்கள் விளம்பரக்காரர்கள். அந்தப் பார்வையைத் தடுப்பதும் தனது நோக்கம் என்று இவ்வுலாவி சொல்லிக்கொள்வதால், பெயர் வைத்தவர்களுக்குத் தமிழ் தெரிந்திருக்கிறது என்றே கொள்ளலாம்.

நம் வீட்டுக் கணிப்பொறிக்கு வயது எட்டு. காலை ஆறு மணிக்கும் இரவு ஒன்பது மணிக்கும், வழக்கமாக உபயோகிக்கும் பழைய உலாவியையும் புதியதையும் ஒரே இணைப்பில் மாற்றி மாற்றித் திறந்தோம். இல்லத்தரசியார் கடிகாரம் பார்த்தார். இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. ஒருமுறை பார்த்த பக்கத்தின் படங்களையும் எழுத்துருக்களையும் உலாவி தன்னிடமே சேர்த்து வைத்துக்கொள்ளும். ஆதலால் இரண்டாம் முறை திறந்தால் எந்த உலாவியும் வேகமானதாகவே தோன்றும். அச்சேமிப்பை ஒவ்வொரு முறையும் அழித்துவிட்டுத் தொடங்கினால்தான் நியாயமான ஒப்பீடு.

கண்டது என்ன? விளம்பரங்கள் மலிந்த செய்தித்தாள் பக்கங்கள் புதிய உலாவியில் தெளிவாகவே விரைந்து திறந்தன. விளம்பரங்களைத் தடுத்து நிறுத்தும் வசதி அதற்குள்ளேயே இருப்பது காரணம்; பாதிச் சுமையை இறக்கிவிட்டால் வண்டி ஓடாதா? ஆனால் டிக்கெட் எடுக்கும் தளத்தில், கடிகாரத்தால் அளக்கக்கூடிய வித்தியாசம் எதுவும் தென்படவில்லை.

இதில் வியப்பில்லை. கூகிளின் குரோம், மைக்ரோசாப்டின் எட்ஜ், ஓபரா, பிரேவ், உலா ஆகிய ஐந்துக்குள்ளும் ஓடுவது குரோமியம் என்னும் ஒரே எஞ்சின். பெட்டிகளின் வண்ணந்தான் வேறு. பயர்பாக்ஸும் ஆப்பிளின் சபாரியும் வேறு எஞ்சின் கொண்டவை. இந்த எஞ்சின்களின் ஆற்றலை அளப்பதற்கு ஸ்பீடோமீட்டர் என்னும் சோதனை இருக்கிறது. அதன் மூன்றாம் பதிப்பை 2024 மார்ச்சில் போட்டி நிறுவனங்களே கூடி வெளியிட்டன. அது நல்ல சோதனையே. ஆயினும் அது அளப்பது கணிப்பொறிக்குள் நடக்கும் வேலையை. நம் தெருவில் வரும் இணைப்பை அன்று. லோகோ ஷெட்டில் எஞ்சினைச் சோதிப்பது போன்றது அது. வந்தே பாரத் வண்டி மணிக்கு 180 கிலோமீட்டர் ஓடத் தக்கதாக அமைக்கப்பட்டது. பெரும்பாலான தடங்களில் 130-க்கு மேல் ஓட அதற்கு அனுமதி இல்லை. தடமும் சிக்னலும் இடம் கொடுத்த அளவுக்கே எஞ்சின் ஓடும்.

நாம் ஒரு பொத்தானை அழுத்தினால், உலாவி முதலில் அத்தளத்தின் எண் முகவரியைக் கேட்டறிகிறது. பிறகு பாதுகாப்பான தொடர்பு ஏற்படுத்திக்கொண்டு கோரிக்கையை அனுப்புகிறது. அக்கோரிக்கை அங்கே பல்லாயிரம் கோரிக்கைகளோடு வரிசையில் நிற்கிறது. பதில் வந்த பின்னரே, அதைப் பக்கமாக வரைந்து காட்டும் வேலை உலாவிக்கு. இவ்வளவில் உலாவியின் திறமை பெரிதும் தெரிவது அந்தக் கடைசிப் பகுதியில்தான். அன்றியும், தட்கல் டிக்கெட்டுக்கு 2025 ஜூலையில் ஆதார் வழி ஓடிபி முறை வந்துவிட்டது. அந்த எண்ணைத் தாங்கி வர வேண்டிய செல்போனுக்குச் சிக்னல் இல்லாத மூலையில் உட்கார்ந்துகொண்டு, உலாவியைக் குறை சொல்லிப் பயனில்லை.

வேகத்தைவிட நாம் கருத்தோடு பார்த்தது நம்பகத்தன்மையை. ஐந்து பக்கங்களைத் திறந்து வைத்துக்கொண்டு மின் சுவிட்சையே அணைத்தோம். மீண்டும் இயக்கியபோது ஐந்தும் கேட்டவுடன் திரும்பின. இணைப்பைப் பாதியில் பிடுங்கிப் பார்த்ததிலும் உலாவி மூர்ச்சையாகவில்லை. 2008-இல் குரோம் வந்தபோது கொண்டுவந்த ஏற்பாட்டின்படி, திறக்கும் பக்கங்கள் பெரும்பாலும் தனித்தனி அறைகளில் நடக்கின்றன. ஒன்று விழுந்தால் மற்றவை விழுவதில்லை. அதற்கு விலையாக நினைவகத்தை நிறையத் தின்னும். பழைய கணிப்பொறி உள்ளவர்கள் டிக்கெட் எடுக்கும் வேளையில் மற்றப் பக்கங்களை மூடி வைப்பது நலம். பாதி நிரப்பிய படிவத்தை மட்டும் எந்த உலாவியும் காப்பாற்றித் தரும் என்று நம்ப வேண்டாம். பணம் கைமாறும் தளங்கள் பாதுகாப்புக் கருதிக் குறித்த நேரத்துக்குமேல் காத்திருப்பதில்லை. குடும்பத்தார் பெயர், வயது முதலியவற்றை ஐ.ஆர்.சி.டி.சி. தளத்தின் மாஸ்டர் லிஸ்டில் ஓய்வான ஒரு நாளில் எழுதி வைத்துவிட்டால், அவசர வேளையில் தட்டச்சு செய்ய வேண்டியதில்லை. பணம் செலுத்தும் பக்கம் சுழன்றுகொண்டிருக்கும்போது பின்செல்லும் பொத்தானை அழுத்துவதும் கூடாது.

இனி, நமக்குக் கவலை தருகின்ற விஷயம். உலாவியோடு ஒட்டவைக்கும் சிறு நீட்சிகள் சிலவற்றை, "படிவத்தைத் தானே நிரப்பும், ஒரு நொடியில் டிக்கெட்" என்று சொல்லி விற்கிறார்கள். நம் பிள்ளைகள் சிலர் பணம் கொடுத்து வாங்கியும் இருக்கிறார்கள். இத்தகைய நீட்சியைச் சேர்க்கும்போது, நீங்கள் பார்க்கும் எல்லாத் தளங்களிலும் உள்ளவற்றைப் படிக்கவும் மாற்றவும் அனுமதி கேட்பதுண்டு. 'சரி' என்று அழுத்தினால், டிக்கெட் தளத்தின் கடவுச்சொல் மட்டுமல்ல, பாங்குத் தளத்தில் தட்டச்சு செய்வதும் அதன் கண்ணுக்குத் தெரியும். முன்பின் அறியாதவனிடம் வீட்டுச் சாவிக் கொத்தையே கொடுத்துவிட்டு, வாசலை மட்டும் பெருக்கிவிட்டுப் போ என்பது போலத்தான். இதே கருவிகளை வைத்து உரிமமின்றி டிக்கெட் வாங்கி விற்பதைத் தொழிலாகக் கொள்வோருக்கு, 1989-ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 143-ஆம் பிரிவில் மூன்றாண்டு வரை சிறைத் தண்டனைக்கும் இடம் உண்டு. அண்டை வீட்டாருக்கு உபகாரம் என்று தொடங்கிக் கமிஷன் வாங்கும் இளைஞர்கள் இதை அறிந்திருத்தல் வேண்டும்.

புதிய உலாவியை நாம் வைத்துக்கொண்டோம். செய்தித்தாள் படிக்க அது சுகமாக இருக்கிறது. டிக்கெட்டுக்கு வேகம் தேடும் அன்பர்கள் நாட்காட்டியையும் எடுத்துப் பார்க்க வேண்டும். 2024 நவம்பர் முதல் முன்பதிவு 60 நாட்களுக்கு முன்னர். பிரயாண நாள் அதில் சேராது. ஜனவரி 13-ஆம் தேதி கிளம்பும் வண்டிக்கு நவம்பர் 14 காலை 8 மணி. ஆனால் இந்த 60 நாட்களும் வண்டி தன் தொடக்க நிலையத்தை விட்டுக் கிளம்பும் தேதியிலிருந்து கணக்கிடப்படுபவை. நாம் ஏறும் தேதியிலிருந்து அல்ல. தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் புதுடெல்லியில் இரவு கிளம்பி மறுநாள்தான் நாகபுரிக்கு வருகிறது. ஆகவே 13-ஆம் தேதி நாகபுரியில் ஏற விரும்புவோருக்கு முன்பதிவு திறப்பது நவம்பர் 13. நம்மவர்கள் பலர் 14-ஆம் தேதி காலையில் கணிப்பொறிமுன் உட்காருகிறார்கள். அதற்குள் ஒரு முழு நாள் கடந்திருக்கும்.