சிங்கத்தைப் பங்கிட்டோர்

மாமன்னன் மண்டியிட்டானாம்! செந்தாடியன் எனப் பொருள்படும் பார்பரோசா என்ற பெயரால் இத்தாலியை மிரட்டிய பேரரசன் பிரெடெரிக், 1176ஆம் ஆண்டின் தொடக்கத்தில், ஆல்ப்ஸ் மலையடியிலுள்ள சியாவென்னாவில், தன் அம்மான் மகன் ஹென்றியின் முன் முழந்தாளிட்டுப் படை கேட்டானாம். அவனோ கோஸ்லார் வெள்ளிச் சுரங்கத்தை விலையாகக் கேட்டானாம்!

மண்டியிட்டது பிற்காலத்தார் தீட்டிய ஓவியமாகவே இருக்கட்டும். படை வரவில்லை. மே 29இல் லெனியானோ களத்தில் லம்பார்டி நகரத்தார் பேரரசனைப் புறங்கண்டனர். நான்கே ஆண்டுகளில் ஹென்றி வீழ்ந்தான். துரோகி தொலைந்தான், நீதி வென்றது என்று கதையை முடிப்போர் உண்டு. தோழர்களே, அதற்குள் கைதட்டிவிட வேண்டாம்!

யார் இந்த ஹென்றி? சாக்சனிக்கும் பவேரியாவுக்கும் கோமகன். இங்கிலாந்து மன்னன் இரண்டாம் ஹென்றியின் மருமகன். பிரௌன்ஷ்வைக் கோட்டைமுன் வெண்கலச் சிங்கம் நிறுத்தி, தானே சிங்கமென்று உலகுக்கு உரைத்தவன். அந்தச் சிங்கம் எப்படி வேட்டையாடியது?

ஈசார் ஆற்றின் மீது, ஃபோரிங் என்னுமிடத்தில், பிரைசிங் ஆயருக்கு ஒரு பாலம் இருந்தது. உப்பு வண்டிகள் அதைக் கடக்கும். சுங்கம் ஆயரின் பெட்டிக்குப் போகும். ஹென்றி அப்பாலத்தை அழித்தான். ஆற்றின் மேற்புறம், மியூனிக்கில், தனக்கெனப் பாலமும் சந்தையும் நாணயச் சாலையும் கண்டான். ஆயர் ஓட்டோ, பேரரசனுக்குச் சிற்றப்பன் முறை! ஆயினும் 1158 ஜூன் 14இல் பேரரசன் அளித்த தீர்ப்பு என்ன? சந்தை மியூனிக்கிலேயே இருக்கட்டும்; சுங்கத்தில் மூன்றிலொரு பங்கு ஆயருக்குப் போகட்டும்! ஹென்றியின் வாளும் வேலும் தேவைப்பட்ட காலமல்லவா அது?

சாக்சனிப் பிரபுக்கள் ஆண்டுக்கணக்கில் முறையிட்டனர். அரசவையின் செவி திறக்கவில்லை. லெனியானோவுக்குப் பின்னரோ, அதே முறையீடுகள் தேனாய் இனித்தன! அழைத்தார்கள், ஹென்றி வரவில்லை, வராததே குற்றமாயிற்று. 1180 ஏப்ரலில் கெல்ன்ஹவுசனில் எழுதிய ஆவணம், திருச்சபையையும் பிரபுக்களையும் அவன் ஒடுக்கியதைச் சொல்கிறது, அழைப்பை அவமதித்ததைச் சொல்கிறது. சியாவென்னாவைப் பற்றி மூச்சுவிடவில்லை!

தீர்ப்பு எழுதிய மை உலருமுன் பந்தி விரிந்தது. வெஸ்ட்பேலியா கொலோன் பேராயருக்கு. எஞ்சிய சாக்சனி அன்ஹால்ட் பெர்ன்ஹார்டுக்கு. பவேரியா விட்டல்ஸ்பாக் ஓட்டோவுக்கு. அந்தக் குடும்பம் 1918 வரை அங்கே ஆண்டது! பேரரசன் அந்நாடுகளில் ஒன்றையும் தனதாக்கிக் கொள்ள முடியவில்லை. பங்காளிகள் இன்றிச் சிங்கத்தை வீழ்த்த இயலாதவன், பங்கு கொடாமல் எழுந்திருக்க இயலுமோ?

ஹென்றிக்காகக் கண்ணீர் வடிக்கச் சொல்லவில்லை. எல்பா நதிக்கு அப்பால் வாழ்ந்த ஸ்லாவிய ஓபோத்ரிட் மக்களின் மீது படையெடுத்தவன் அவன். அவர்தம் தலைவன் நிக்லோட் 1160இல் அப்போரில் மாண்டான். ஆயரின் பாலத்துக்கு வழக்கு உண்டு. பிரபுவின் நிலத்துக்கு வழக்கு உண்டு. அந்த மக்களின் மண்ணுக்கு எந்த அவையில் வழக்கு நடந்தது?

1181இல் எர்ஃபுர்ட்டில் ஹென்றி பணிந்தான். மறு ஆண்டு மாமனாரிடம் அடைக்கலம் புகுந்தான். பரம்பரை நிலங்கள் மட்டும் எஞ்ச, 1195இல் பிரௌன்ஷ்வைக்கில் கண்மூடினான்.

அந்தப் பாலம் என்னாயிற்று என்கிறீர்களா? 1180 ஜூலையில் பேரரசன் தன் பழைய தீர்ப்பைத் தானே கிழித்தான். அன்று பொறுத்த செயல் இன்று வன்முறையாயிற்று! சந்தை ஃபோரிங்குக்கே திரும்புக என்று ஆணை பிறந்தது. ஆனால் மியூனிக் சந்தை கலையவில்லை. உப்பு வண்டிகள் அவ்வழியே உருண்டன. வருவாயை ஆயர் வாங்கிக்கொண்டார்.