வீடியோ வெட்டும் செயலி: பகட்டு வேண்டாம், பயன் போதும்

1960-களில் திருச்சி வானொலி ஆடுதுறை 27 நெல் ரகத்தைப் பற்றி விடாமல் எடுத்துச் சொன்னது. தஞ்சைப் பகுதி விவசாயிகள் அந்த ரகத்துக்கு ‘ரேடியோ நெல்’ என்றே பெயர் சூட்டினர். செய்தி தெளிவாக வந்தால் விவசாயி ஏற்றுக்கொள்வார் என்பதற்கு அதுவே சான்று.

இன்று அந்த வானொலி நிலையம் ஒவ்வொருவர் சட்டைப்பையிலும் இருக்கிறது. எடமலைப்பட்டி புதூரில் வீடும், மணிகண்டம் பக்கம் வயலுமாக இருப்பவர், வாழைக்கன்றையோ காய்கறி நாற்றையோ கைபேசியில் படம்பிடித்து நாடு முழுவதற்கும் காட்டலாம். எடுத்த படத்தை வெட்டி ஒட்ட எந்தச் செயலி நல்லது என்பதுதான் கேள்வி. பூவேலையும் மின்னல் ஒளியும் அதிகம் உள்ளதையே இளைஞர்கள் சிபாரிசு செய்கிறார்கள். கொம்பில் பூசிய வர்ணத்தைப் பார்த்து மாடு பிடிப்பது போன்றது இது.

முதலில் கவனிக்க வேண்டியது, படம் யார் கையில் இருக்கிறது என்பதே. 2020 ஜூன் 29-ல் மத்திய அரசு 59 செயலிகளுக்குத் தடை விதித்தது. படம் வெளியிடும் டிக்டாக் மட்டுமல்ல, படம் வெட்டப் பயன்பட்ட விவாவீடியோவும் அந்தப் பட்டியலில் இருந்தது. செயலிக்குள்ளேயே வேலையை முடித்து, தம் கைபேசியில் பிரதி எடுத்து வைக்காதவர்களின் உழைப்பு அங்கேயே நின்றது. அடுத்த மாதமே இன்ஸ்டாகிராம் ரீல்ஸும், செப்டம்பரில் யூடியூப் ஷார்ட்ஸும் இங்கு வந்தன. மூலப் படத்தைப் பத்திரப்படுத்தியவர்கள் அவற்றில் மறுபடி விதைத்தார்கள். விதைநெல்லை முழுவதும் வியாபாரியிடம் கொடுத்துவிடுகிற விவசாயி உண்டா? வெட்டாத படத்தையும், வெட்டி முடித்த படத்தையும் தனியே சேமிக்க இடம் தராத செயலி வேண்டவே வேண்டாம்.

இரண்டாவது, தமிழ் எழுத்து. சில செயலிகளில் கொம்பும் காலும் இடம் மாறி எழுத்து சிதைகிறது. ‘லிட்டருக்கு 2 மில்லி’ என்பது திரையில் சரியாகத் தெரிகிறதா என்று எழுதிப் பார்த்த பிறகே செயலியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். காற்றிரைச்சலைக் குறைத்துக் குரலை உயர்த்தும் வசதியும் அவசியம். வயல்வெளியில் எடுத்த படத்தில் பேச்சு கேட்காவிட்டால் மற்ற அலங்காரமெல்லாம் வீண்.

மூன்றாவது, செலவு. கைன்மாஸ்டர் போன்றவற்றை இலவசமாகப் பயன்படுத்தினால் படத்தின் மூலையில் அதன் பெயர் பதிந்துவிடும். யூடியூப் நிறுவனம் 2023-ல் வெளியிட்ட ‘கிரியேட்’ செயலி இந்தியாவில் இலவசம். வீட்டில் கணினி இருந்தால் ஷாட்கட், கேடென்லைவ் ஆகியவற்றைக் காசில்லாமல் பயன்படுத்தலாம். தொடக்கத்துக்கு இவை தாராளம். சந்தா கட்டுவது, கன்று விற்ற வருமானம் அதைத் தாங்கும் காலத்தில் யோசிக்க வேண்டியது.

அலங்காரம் இல்லாவிட்டால் யார் பார்ப்பார் என்று கேட்பவர்கள் உண்டு. அதிலும் நியாயம் இருக்கிறது. முதல் சில நொடிகளில் கண் நிற்காவிட்டால் விரல் தள்ளிவிடுகிறது. ஆனால் கண்ணை நிறுத்த மின்னல் தேவையில்லை. தார் முற்றிய வாழையை முதலில் காட்டினாலே போதும். 2024 அக்டோபர் முதல் ஷார்ட்ஸில் 3 நிமிடம் வரை இடம் உண்டு. அவசரப்பட்டு மருந்தின் அளவையும், தெளித்தபின் அறுவடைக்குக் காத்திருக்க வேண்டிய நாட்களையும் வெட்டி எறிவதற்குக் காரணமே இல்லை. அந்த இரண்டையும் வெட்டிய படத்தை நம்பி ஒருவர் மருந்தடித்தால், நஷ்டம் அவர் பயிருக்கு. பழி படம் போட்டவருக்கு.

களை எடுக்கும்போது பயிரைப் பிடுங்காத கைதான் நல்ல கை. படம் வெட்டும் கருவிக்கும் அதுவே இலக்கணம். புதிய செயலி எதுவானாலும், தமிழ் எழுத்து, தெளிவான குரல், கையில் தங்கும் பிரதி ஆகிய மூன்றையும் சோதித்துப் பார்த்த பின்னரே விவசாயிகள் அதை ஏற்றுக்கொள்வது நலம்.