அஞ்சு மணி வாக்கிங் வாத்தியார்களுக்கு மணலியிலிருந்து ஒரு பதில்

ரொம்ப நாளா இந்தப் பக்கம் தலை காட்டல. காரணம் வேறொண்ணுமில்ல, ஷட்டவுன்.

தெற்குப் பக்கம் இருக்கறவங்களுக்கு ஒரு சின்ன விளக்கம். மணலியில ஷட்டவுன்னா கடையடைப்பு இல்ல. ஓடிட்டிருக்கற ஆலையை நிறுத்தி, குழாய், வால்வு, பம்பு எல்லாத்தையும் கழட்டி, சுத்தம் பண்ணி, சோதிச்சு, திரும்ப மாட்டற வேலை. ஆலை நிக்கற ஒவ்வொரு நாளும் நஷ்டம்ங்கறதால, எங்க இடத்துல (பேரு வேணாமே, பொழப்பு ஓடணும்) பன்னண்டு மணி நேர ஷிப்ட்டு. மெஷினுக்கு ஓய்வு, மனுஷனுக்குக் கிடையாது. ஒன்றரை மாசம் கழிச்சு வெளிய வந்தா பேன்ட்டு கொக்கி போட முடியல. நாலு கிலோ ஏறியிருக்கு. எனக்கு மட்டுமில்ல, கூட வேலை பாக்கற பாதிப் பேருக்கு இதே கதை.

"சரி, உடம்பைக் குறைக்கணும்"னு வாயைத் திறந்தேன். அவ்ளோதான். ஆலோசனை மழை!

"காலையில அஞ்சு மணிக்கு எந்திரிச்சு நடங்க." "நேரமில்லன்னு சொல்றது சாக்கு." "மனசு வெச்சா முடியும்." நம்ம பதிவர் நண்பர்களும் சளைச்சவங்க இல்ல. வருஷா வருஷம் ஜனவரி ஒண்ணாந்தேதி "இன்று முதல் நடைப்பயிற்சி"ன்னு ஒரு பதிவு வரும். பொங்கல் வரைக்கும் ஓடும். அப்புறம் வாக்கிங்கும் நின்னுடும், பதிவும் நின்னுடும். ஆனா அடுத்தவனுக்குச் சொல்ற அறிவுரை மட்டும் நிக்கவே நிக்காது.

ஐயா வாத்தியார்களே, நான் கேக்கறது ஒண்ணே ஒண்ணுதான். இந்த அறிவுரை யாரோட வாழ்க்கைக்குத் தைச்ச சட்டை?

முதல்ல நேரத்தைப் பாப்போம். ஒரு நாளைக்கு இருபத்திநாலு மணி நேரம். ஷிப்ட்டு பன்னண்டு. போக வர, கேட்ல வரிசையில நிக்க ரெண்டு. குளிக்க, சாப்பிட, புள்ளைங்களோட நாலு வார்த்தை பேச ரெண்டு. மிச்சம் எட்டு. அதுல தூங்கணும். அஞ்சு மணி வாக்கிங்குக்கு எதை வெட்டறது? தூக்கத்தைத்தான். ஆனா தூக்கம் குறைஞ்சா பசியைத் தூண்டற ஹார்மோன் ஏறும், வயிறு நிறைஞ்சிடுச்சுன்னு சொல்ற ஹார்மோன் இறங்கும். அதாவது உடம்பு குறைய எந்திரிச்சவன் ரெண்டு பரோட்டா கூட சாப்பிடுவான். நைட் ஷிப்ட்டு முடிச்சு வர்றவனுக்கோ அஞ்சு மணிங்கறது விடியலே இல்ல, அது அவனோட சாயங்காலம்.

அடுத்தது இடம். நடக்கச் சொல்றீங்களே, எங்க? பெசன்ட் நகர்ல கடற்கரை இருக்கு. மயிலாப்பூர்ல நாகேஸ்வர ராவ் பூங்கா இருக்கு. எங்களுக்கு? பொன்னேரி நெடுஞ்சாலையில கன்டெய்னர் லாரிக்கும் டேங்கர் லாரிக்கும் நடுவுல நடக்கறதுக்குப் பேரு வாக்கிங் இல்ல, சர்க்கஸ். திருவொத்தியூர் கடற்கரைக்குப் போலாம்னா, கடலரிப்புக்குப் பயந்து பல இடத்துல பாறாங்கல்லைக் கொட்டி வெச்சிருக்காங்க. கல்லுமேல குரங்கு மாதிரி தாவலாம். அதுவும் உடற்பயிற்சிதான்னு சொல்லிடாதீங்க.

மூணாவது காத்து. இங்கதான் எனக்குக் கோவமே வருது. 1969-ல சுத்திகரிப்பு ஆலை ஓட ஆரம்பிச்சது, 1971-ல உர ஆலை. அதுக்கப்புறம் வரிசையா ரசாயன ஆலைங்க. நாட்டுக்கு டீசல் வேணும், யூரியா வேணும், அதை நான் மறுக்கல. எனக்கே சோறு போடறது ஆலைதான். ஆனா மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2009-ல நாடு முழுக்க தொழிற்பேட்டைகளுக்கு மார்க் போட்டப்ப மணலிக்கு 76.32. அந்தக் கணக்குல எழுபதைத் தாண்டினா 'மிக மோசமா மாசுபட்ட இடம்'. 2018-ல திரும்பக் கணக்குப் போட்டாங்க, 84.15. பரீட்சையில இந்த மார்க் வாங்கியிருந்தா எங்கப்பா சைக்கிள் வாங்கிக் குடுத்திருப்பாரு. 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் வெள்ளத்தோட எண்ணெய் கலந்து எண்ணூர் முகத்துவாரம் கறுத்துப் போனதையும், அதே மாசம் கடைசியில எண்ணூர்ல அம்மோனியா கசிஞ்சு ராத்திரியோட ராத்திரியா சனம் ஓடினதையும் எல்லாரும் டிவியில பாத்தீங்க.

இதுல அந்த அஞ்சு மணிக்கு ஒரு தனிச் சிறப்பு உண்டு. ராத்திரி தரை குளிர்ந்து, விடியக்காலையில காத்து அசையாம நிக்கும். புகை மேல ஏற வழியில்லாம தரையோட தங்கும். மார்கழி, தைன்னா கேக்கவே வேணாம். வெயில் ஏறினா காத்து கலைய ஆரம்பிக்கும், அப்புறம் கடல்காத்து வரும். அதாவது எங்க ஊர்ல ஒரு நாள்ல பெரும்பாலும் மோசமான காத்து இருக்கற நேரம் பாத்து, ஆழமா மூச்சு இழுத்து நடக்கச் சொல்றீங்க. நல்லா இருக்குங்க உங்க நியாயம்!

இப்ப ஒருத்தர் கையைத் தூக்குவாரு. "அப்ப உக்காந்தே இருக்கப் போறியா? இதெல்லாம் சாக்குதானே?"

இல்லீங்கண்ணா. உக்காந்திருக்கறதும் ஆபத்துதான். இந்தியர்களுக்கு இடுப்புச் சுற்றளவு ஆம்பளைக்கு 90 சென்டிமீட்டர், பொம்பளைக்கு 80 சென்டிமீட்டர் தாண்டினாலே எச்சரிக்கை மணின்னு டாக்டருங்க சொல்றாங்க. 2023-ல வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வு நாட்டுல பத்து கோடி பேருக்கு மேல சர்க்கரை வியாதின்னு சொல்லிச்சு. காத்தும் கெட்டு, இடுப்பும் பெருத்தா இதயத்துக்கு ரெட்டை இடி. அதனாலதான் சொல்றேன், எங்களுக்கு முடியாத வழியைக் காட்டிட்டு, முடியலன்னா சோம்பேறின்னு பட்டம் குடுக்காதீங்க. அந்தப் பட்டத்தை வாங்கினவன் தொடங்கவே மாட்டான். அதுதான் நீங்க பண்ற பெரிய கெடுதல்.

பத்தாயிரம் அடி கதையையும் பாத்துடுவோம். அது வேதவாக்கு இல்ல. 1965-ல ஜப்பான்ல ஒரு கம்பெனி அடி எண்ணற கருவி வித்துச்சு, அதுக்கு வெச்ச பேருக்கு அர்த்தமே 'பத்தாயிரம் அடி மீட்டர்'தான். விளம்பரம்! 2019-ல அமெரிக்காவுல வயசான பெண்களை வெச்சு நடந்த ஆய்வுல, சுமார் 2,700 அடி நடந்தவங்களை விட 4,400 அடி நடந்தவங்களுக்கே சாவு விகிதம் தெளிவா குறைஞ்சிருந்தது. 7,500-க்கு மேல பெரிசா கூடுதல் பலன் தெரியல. உலக சுகாதார நிறுவனமும் முன்னாடி ஒரே மூச்சுல பத்து நிமிஷமாவது செய்யணும்னு வெச்சிருந்த விதியை 2020-ல எடுத்துடுச்சு. வாரத்துக்கு 150 நிமிஷம், எப்படிச் சேர்ந்தாலும் சரி. வேலையில அசையறது, வீட்டுவேலை, எல்லாம் கணக்குல உண்டு. ("வீட்டுவேலை எல்லாம் எக்சர்சைஸ் ஆகாது"ன்னு வீட்டம்மாவுக்கு வகுப்பெடுக்கறவங்க இதை நாலு தரம் படிக்கவும்.)

இதுக்கு ஒரு பழைய உதாரணம். 1953-ல ஜெர்ரி மாரிஸ்னு ஒரு டாக்டர், லண்டன் மாடி பஸ் டிரைவர்களையும் கண்டக்டர்களையும் ஒப்பிட்டாரு. ஒரே பஸ்சு, ஒரே ஊரு. நாள் முழுக்கப் படியேறி இறங்கின கண்டக்டர்களுக்கு, உக்காந்தே ஓட்டின டிரைவர்களை விட மாரடைப்பு கணிசமா கம்மி. அந்தக் கண்டக்டர்ல எவனும் அஞ்சு மணிக்கு எந்திரிச்சு பூங்காவுக்குப் போகல. அவன் வேலைக்குள்ளயே உடம்பு அசைஞ்சது.

எங்களுக்கான வழி அதுதான். ஷட்டவுன் முடிஞ்சு வந்தவங்களுக்கு நான் சொல்றது இவ்ளோதான்:

முதல் வாரம் எடை மெஷின் பக்கமே போகாதீங்க, தூங்குங்க. கடன் வாங்கின தூக்கத்தை அடைச்சாலே பாதி வெறிப்பசி அடங்கும்.

ரெண்டாவது, டீ. ஒரு டீக்கு ரெண்டு ஸ்பூன் சர்க்கரை, ஸ்பூனுக்கு அஞ்சு கிராம்னு வைங்க. ஷட்டவுன் நாள்ல ஏழு டீன்னா எழுபது கிராம், 280 கலோரி. உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்கே சுமார் ஐம்பது கிராமுக்குள்ள இருக்கணும்னு சொல்லுது. அரை மணி நேரம் வேகமா நடந்தா கரையறது சுமாரா 150 கலோரி. அந்த ஏழு டீயைக் கரைக்க ஒரு மணி நேரம் நடக்கணும். டீயை நிறுத்தச் சொல்லல (அந்தப் பாவம் எனக்கு வேணாம்), "அண்ணே, சர்க்கரை கம்மி"ன்னு ரெண்டு வார்த்தை. தொப்பை குறையறது பெரும்பாலும் தட்டுல, இதயம் பலப்படறது காலுல. ரெண்டையும் போட்டுக் குழப்பிக்காதீங்க.

மூணாவது, பத்துப் பத்து நிமிஷம். வீட்டுக்குள்ள நாற்காலியில உக்காந்து எந்திரிக்கறது பதினஞ்சு தடவை, சுவத்துல கை ஊனித் தள்ளறது பதினஞ்சு தடவை, மாடிப்படி ரெண்டு சுத்து. வெளிய நடக்கணும்னா, மத்திய வாரியத்தோட 'சமீர்' ஆப்ல மணலி நிலவரத்தைப் பாருங்க. பச்சையா இருந்தா, லாரி வராத உள்தெருவுல நடங்க. சிவப்பா இருந்தா வீட்டுக்குள்ளயே.

சிரிப்பா இருக்கா? 'சார்பட்டா பரம்பரை' (2021) படத்துல தொப்பை போட்ட கபிலன் சில நிமிஷத்துல உடம்பைத் தேத்திடுவாரு. நமக்கும் அதே மாதிரி வேணும்னு ஆசைதான். ஆனா அவருக்குப் பயிற்சி குடுக்க ஆள் இருந்துச்சு. மறுநாள் காலையில கேட்ல பஞ்ச் அடிக்கற வேலை அவருக்கு இல்ல.

கடைசியா ஒரு விஷயம். இந்தப் பத்து நிமிஷம் நாங்க செய்யறது. மீதியைச் செய்ய வேண்டியவங்க வேற. 2011-லேர்ந்து மணலியும் சென்னை மாநகராட்சிதான், ரெண்டாவது மண்டலம். வரி கட்டறோம்ல? லாரி ஏறாத நடைபாதை, ராத்திரி ஷிப்ட்டு முடிச்சு வர்ற பொம்பளைப் புள்ளையும் தைரியமா நடக்கற மாதிரி விளக்குப் போட்ட பூங்கா, ஷட்டவுன்லயும் வாரத்துக்கு ஒரு முழுநாள் லீவு, கேன்டீன்ல பஜ்ஜிக்குப் பக்கத்துல ஒரு கிண்ணம் சுண்டல். இதைக் கேக்கறது சோம்பேறித்தனமா? மனவுறுதி வேணும்னு எங்ககிட்ட கேக்கறவங்க, நடைபாதை போடற மனவுறுதி உனக்கிருக்கான்னு அங்கயும் ஒரு தரம் கேளுங்க. அதுவரைக்கும் அந்த அஞ்சு மணி அலாரத்தை உங்க தலைமாட்டுலயே வெச்சுக்கோங்க.

டிஸ்கி: நான் டாக்டர் இல்ல. சர்க்கரை, பிரஷர், நெஞ்சுவலின்னு ஏற்கெனவே மாத்திரை எடுக்கறவங்க டாக்டரைப் பாத்துட்டு ஆரம்பிங்க. ஈ.எஸ்.ஐ. கார்டை பர்சுல மடிச்சு வெக்கறதுக்கா குடுத்தாங்க?