குண்டுக்கு வர்ணம் பூசினால் விஷம் போகுமா?

அமெரிக்காவில் துப்பாக்கி வைத்திருப்பவர்களில் சிலர் குண்டுகளைக் கடையில் வாங்குவதில்லை. வீட்டிலேயே வார்த்துக்கொள்கிறார்கள். பழைய காரீயத்தை உருக்கி அச்சில் ஊற்றுகிறார்கள். 327 டிகிரி சூட்டில் காரீயம் உருகிவிடும்.

அப்படி வார்த்த குண்டுகளுக்கு வர்ணம் பூசும் பழக்கமும் இப்போது பரவியிருக்கிறது. சைக்கிளுக்கும் இரும்பு பீரோவுக்கும் பூசுகிறார்களே, அதே பவுடர் வர்ணம்தான். சூடு பட்டதும் பவுடர் இளகி, குண்டைத் தோல் போல மூடிக்கொள்ளும்.

லாபம் என்ன?

துப்பாக்கிக் குழலில் காரீயம் ஒட்டுவது குறையும். புகையும் குறையும். தொடுகிற கையில் காரீயம் படிவதும் குறையும். இதெல்லாம் உண்மைதான். விஷம் ஒழிந்ததா? இல்லை.

வீட்டுக்குள் ஆபத்து

வர்ணம் பூசுவது கடைசி வேலை. உருக்குவதும் கசடு எடுப்பதும் முந்திய வேலை. அப்போது காரீயத் தூசி சட்டையில் படியும். அதே சட்டையோடு தகப்பனார் குழந்தையைத் தூக்கினால், தூசி குழந்தைக்கும் போய்ச் சேரும். காரீயம் குழந்தையின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். கெடுதல் செய்யாத அளவு என்று எதுவும் தெரியவில்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

கழுகு படும் பாடு

காட்டிலும் இதே தொல்லைதான். கலிபோர்னியாவில் காண்டார் என்ற பெரிய கழுகு உண்டு. சிறகை விரித்தால் 9 அடிக்கு மேல் இருக்கும். 1982-ல் 22 கழுகுகளே மிஞ்சின. கூண்டில் வளர்த்துப் பெருக்கி, 1992 முதல் காட்டில் விட்டார்கள். இன்று 500-க்கு மேல் இருக்கின்றன.

ஆனாலும் கவலை தீரவில்லை. வேட்டைக்காரர்கள் விட்டுப் போகும் குடலையும் இறைச்சியையும் இவை தின்னும். அதில் சிதறிக் கிடக்கும் காரீயத் துணுக்குகளும் வயிற்றுக்குள் போகும். காட்டில் காண்டார்கள் சாவதற்கு முக்கிய காரணம் இந்த விஷமே.

சட்டம் சொல்வது

காரீயக் குண்டால் வேட்டையாடக் கூடாது என்று கலிபோர்னியா 2013-ல் சட்டம் செய்தது. 2019 ஜூலை 1 முதல் அது முழுமையாக அமலில் இருக்கிறது. குண்டின் எடையில் 100-க்கு 1 பங்குக்கு மேல் காரீயம் கூடாது. ஆகவே வர்ணம் பூசிய காரீயக் குண்டும் இதில் தேறாது. தாமிரக் குண்டுக்கு விலை அதிகம் என்று வேட்டைக்காரர்கள் முறையிடுகிறார்கள். குறி பார்த்துச் சுட்டுப் பழகுவதற்கு இந்தத் தடை இல்லை. அதனால் வீட்டில் உருக்குவது நிற்கவில்லை.

வர்ணம் துப்பாக்கிக் குழலைக் காக்கிறது. குழந்தையையும் கழுகையும் காக்க அதனால் முடியாது.