சைக்கிளுக்குத் தனிப் பாதை

1934-ம் வருஷம் டிசம்பர் மாதத்தில், லண்டனுக்கு மேற்கே வெஸ்டர்ன் அவென்யூ என்னும் ரஸ்தாவின் ஓரமாக 2½ மைல் நீளமுள்ள சைக்கிள் பாதையொன்றைப் போக்குவரத்து மந்திரி ஹோர்-பெலீஷா திறந்து வைத்தார். பிரிட்டனில் இவ்விதமான பாதைகளில் அதுவே முதலாவதென்று கருதப்படுகிறது. சைக்கிள்காரர்கள் இதை வரவேற்றிருப்பார்கள் என்றே எவரும் நினைக்கக்கூடும். ஆனால் அவர்களுடைய பிரதான ஸ்தாபனமான சைக்கிள் யாத்திரிகர் சங்கம் அதைக் கடுமையாக எதிர்த்தது. அன்று தொடங்கிய விவாதம் இன்னும் ஓய்ந்தபாடில்லை.

அவ்வெதிர்ப்பை வெறும் பிடிவாதமென்று தள்ளிவிடுவது நியாயமன்று. தனிப் பாதை அளிப்பது சைக்கிள்காரரின் க்ஷேமத்திற்காகவா, மோட்டார்களின் வழியைக் காலி செய்து கொடுப்பதற்காகவா என்று அவர்கள் சந்தேகித்தார்கள். இன்று சலுகையாக வருவது நாளை கட்டாயமாகும் என்றும், பொது ரஸ்தாவில் தங்களுக்குள்ள பாத்தியதை பறிபோகும் என்றும் அஞ்சினார்கள். பிற்காலத்தில் அமெரிக்காவில் ஜான் பாரஸ்டர் இக்கக்ஷியின் தலைசிறந்த வக்கீலாக விளங்கினார். சைக்கிளும் ஒரு வாகனமே. அதை ஓட்டுகிறவர் மற்ற வாகனங்களுடன் கலந்து, பிறர் கண்ணில் படும்படி செல்வதே க்ஷேமம் என்பது அவர் 1976-ல் வெளியிட்ட நூலின் சாரம். ஓரப் பாதையில் வருகிறவரைத் திரும்பும் மோட்டார்காரர் கவனியாமல் சந்தியில் மோதிவிடும் அபாயம் மெய்யானதே.

ஆனால் பலன் என்ன? பிரிட்டிஷ் சட்டம் இன்றுவரை சைக்கிள்காரரைத் தனிப் பாதையில் செல்லக் கட்டாயப்படுத்தவில்லை. பாத்தியதை பிழைத்தது, சைக்கிள் பிழைக்கவில்லை. 1949-ல் அந்நாட்டார் சைக்கிளில் சென்ற தூரம் சுமார் 2,400 கோடி கிலோமீட்டர். 1973-ல் அது 400 கோடிக்கும் கீழே இறங்கியது. மோட்டாரின் பெருக்கமே இதற்கு முக்கிய காரணம் என்பதை ஒப்புக்கொள்வோம். எனினும், துணிந்தவரும் பலசாலியும் மட்டும் அனுபவிக்கக்கூடிய உரிமை ஏட்டில் எழுதிய உரிமையேயன்றி வேறென்ன?

ஹாலந்து வேறு மார்க்கத்தை மேற்கொண்டது. 1971-ல் மட்டும் அங்கே ரஸ்தா விபத்துக்களில் 3,000-க்கு மேற்பட்டோர் மாண்டனர். அவர்களில் 400-க்கு மேற்பட்டவர்கள் குழந்தைகள். "குழந்தைக் கொலையை நிறுத்துங்கள்" என்ற பெயருடன் பெற்றோர் இயக்கம் எழுந்தது. நாளடைவில் சர்க்காரும் நகரசபைகளும் வழிக்கு வந்தன. அவர்கள் எல்லா இடத்திலும் தனிப் பாதை போட்டுவிடவில்லை. மோட்டார்கள் விரைந்தோடும் ரஸ்தாக்களில் தடுப்புடன் கூடிய தனிப் பாதை. குடியிருப்புத் தெருக்களிலோ மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்துக்கு மேற்படாமல் எல்லா வண்டிகளும் கலந்து செல்கின்றன. சந்திகளிலேதான் அதிகக் கவனம் செலுத்தப்படுகிறது. அங்கே பிரயாணங்களில் நாலில் ஒரு பங்குக்கு மேல் இன்று சைக்கிளிலேயே நடக்கிறது. ரஸ்தா மரணங்கள் 1971-ல் இருந்ததில் நாலில் ஒரு பங்குக்கும் குறைந்துவிட்டன.

ஆகவே, பிரிப்பதா கலப்பதா என்பதல்ல கேள்வி. எங்கே பிரிப்பது, எங்கே மோட்டாரின் வேகத்தை அடக்கிக் கலப்பது என்பதே கேள்வி. சந்தி வந்ததும் மறைந்துபோகும் பாதையையும், மோட்டார் நிறுத்துமிடமாகிவிட்ட பாதையையும் எதிர்ப்பவர்கள் சொல்வது சரியே. அத்தகைய பாதை இருப்பதைவிட இல்லாதிருப்பதே மேல். ஆனால் செவ்வையாக அமைந்த பாதையைப் பாத்தியதையின் பெயரால் மறுப்பது குழந்தைகளுக்கும் முதியோருக்கும் இழைக்கும் அநீதி. எந்த நகரசபையும் தன் திட்டத்தைப் பரீக்ஷிக்க ஒரே கேள்வி போதும்: பத்து வயதுக் குழந்தையை இவ்வழியே பள்ளிக்கூடத்திற்குத் தனியே அனுப்பத் தாய் சம்மதிப்பாளா?